ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர்

முப்பத்துமூன்று வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்குக் கணக்கு வராது. இதை இப்போது தைரியமாகச் சொல்லலாம், பென்ஷனை நிறுத்திவிட மாட்டார்கள் (என்று நினைக்கிறேன்).

பள்ளி இறுதி வகுப்பில் கணக்கில் நான் எடுத்தது முப்பத்தாறு. அதில் ஒன்றிரண்டு மார்க் கையெழுத்து அழகுக்காகக் கிடைத்திருக்கும். தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுக்கலாம் என்றுதான் ஆசிரியர் பயிற்சிக்கே போனேன். பாபநாசத்துக்காரனான எனக்கு முதல் வேலை கிடைத்ததோ கீழத்தஞ்சையின் கோடியில். திருத்துறைப்பூண்டியிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, வாய்க்கால் கரையோடு மூன்று மைல் நடந்தால் வரும் ஒரு கிராமத்து நடுநிலைப்பள்ளி. போய்ச் சேர்ந்த அன்று தலைமையாசிரியர் என் சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"கணக்கு வாத்தியார் மாத்தலாகிப் போயிட்டார். இனிமே நீங்கதான் கணக்கு."

"சார், நான் தமிழ்ப் பாடத்துக்கு..."

"கணக்கையும் தமிழ்லதான் நடத்தப் போறீங்க" என்று பதிவேட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

என்னைக் காப்பாற்றியது ஒரு விடைப் புத்தகம். கும்பகோணத்தில் ரகசியமாக வாங்கி, பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, மேலே 'நீதிக் கதைகள்' என்று எழுதி வைத்திருந்தேன். கரும்பலகைக்குத் திரும்பும் முன் நீதிக் கதைகளை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். அந்தப் புத்தகத்தின் நடுவில் ஆறு பக்கங்களை மாடு தின்றுவிட்டது. அதனால் அந்த வருஷம் எட்டாம் வகுப்பில் 'லாபமும் நட்டமும்' என்ற பாடமே நடக்கவில்லை. 'அது பரீட்சைக்கு வராது' என்று சொல்லிவிட்டேன். (கேள்வித்தாள் தயாரிப்பது நான்தான் என்பதால் வரவும் இல்லை.)

எட்டாம் வகுப்பில் பதிமூன்று பேர். எல்லோரும் கூலி வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள். தொட்டிக்கு இரண்டு குழாய், ஒன்று நிரப்புகிறது, ஒன்று காலி செய்கிறது என்று நான் ஆரம்பித்தால், "தொட்டி மேமடையில இருக்கா, கீமடையில இருக்கா சார்?" என்று ஒரு குரல் கேட்கும். தண்ணீர் முதலில் வரும் மடையா, கடைசியில் வரும் மடையா என்று தெரியாமல் அந்த ஊரில் யாரும் தண்ணீரைப் பற்றிப் பேச மாட்டார்கள். விடைப் புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்காது. "உக்காரு" என்பேன்.

அப்படிக் கேட்கிறவள் பெரும்பாலும் வேம்பு. ஒல்லியாக, கடைசி வரிசையில், எந்நேரமும் உதட்டை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உதட்டிலேயே கணக்குப் போடுவாள். மா, குழி என்று ஊர் அளவையில் போட்டு, நான் கரும்பலகையில் பாதி வருவதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். சரியாகவும் இருக்கும். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. விடை இப்படி வாயிலிருந்து வந்துவிட்டால் வாத்தியார் எதற்கு? 'வழி எழுதவில்லை' என்று சிவப்பு மையில் எழுதி முட்டை போடுவேன். அரையாண்டுப் பரீட்சையில் அவள் வாங்கியது இருபத்திரண்டு. நூற்றுக்கு முப்பத்தைந்து எடுத்தால்தான் பாஸ்.

மாசி மாதம் அவள் அப்பா மாசிலாமணி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மிராசுதார் பண்ணையில் வேலை பார்ப்பவர். துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னதும் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாஸ் பண்ணிட்டாள்னா திருத்துறைப்பூண்டி ஐஸ்கூல்ல சேத்துடலாம்னு இருக்கேன் சார். பெயிலுன்னா அவங்கம்மா நடவுக்கு அழைச்சிக்குவா. வீட்ல அப்படிப் பேசி முடிச்சிட்டோம். இன்னொரு வருசம் ஒக்கார வைக்க நமக்கு முடியாதுங்க."

"வழி எழுதச் சொல்லுங்க. எழுதினா மார்க் தானா வரும்" என்றேன். அவர் போய் அப்படியே சொல்லியிருக்கிறார். மறுநாளிலிருந்து வேம்பு எல்லாவற்றுக்கும் வழி எழுத ஆரம்பித்தாள். 'தீர்வு' என்று எழுதி அடிக்கோடு, அடுத்த வரியில் 'எனவே', கடைசியில் விடையைச் சுற்றி ஒரு கட்டம். நான் சொல்லிக்கொடுத்ததை அந்த வகுப்பில் முழுதாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அந்தச் சமயம்தான் ஆசிரியர்களுக்கு நான்கு நாள் வகுப்பு எடுத்தார்கள். பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து கணக்குகளை எடுக்க வேண்டும் என்று வந்தவர் சொன்னார். எனக்கு ஞானம் பிறந்துவிட்டது. ஆண்டுப் பரீட்சைக்கு நானே ஒரு கணக்கு செய்வது என்று முடிவு கட்டினேன்.

ஊரில் அப்போது நிலத்தைத் தவிர வேறு பேச்சில்லை. ஆட்சி மாறி, ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தின் வரம்பைப் பதினைந்து ஏக்கராகக் குறைத்த புதிது. கூலித் தகராறு வேறு. அறுப்பு நாட்களில் வரப்புக்கு வரப்பு கொடி நிற்கும், வாய்க்கால் கரையில் போலீஸ் வேன் நிற்கும். இதற்கு நடுவில் உட்கார்ந்து நான் யோசித்து யோசித்துச் செய்த கணக்கு இதுதான்:

'ஒரு மிராசுதாரிடம் 41 ஏக்கர் நிலம் உள்ளது. சட்டப்படி அவர் 15 ஏக்கர் வைத்துக்கொள்ளலாம். மிச்ச நிலத்தை 13 குடும்பங்களுக்குச் சமமாகப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு? (10 மதிப்பெண்கள்)'

நாற்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். டீக்கடையில் காதில் விழுந்திருக்க வேண்டும். பதினைந்தைக் கழித்துப் பதிமூன்றால் வகுத்துப் பார்த்தேன், மீதியில்லாமல் இரண்டு வந்தது. மீதி வராத கணக்கென்றால் எனக்கு உயிர். அந்த ஊர் மிராசுதாருக்குச் சரியாக நாற்பத்தொரு ஏக்கர் என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. இத்தனைக்கும் நான் குடியிருந்தது அவர் வீட்டு மாடியறையில். காலையில் இட்லியும் அங்கேதான்.

பரீட்சை முடிந்து தாள் திருத்த உட்கார்ந்தேன். பன்னிரண்டு பேர் இரண்டு ஏக்கர் என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு தாளுக்கும் பெரிதாக ஒரு டிக், பத்துக்குப் பத்து. என் கணக்கை நானே மெச்சிக்கொண்டு உற்றுப் பார்க்காமல் டிக் போட்டுக்கொண்டே போனேன். பதிமூன்றாவது தாள் வேம்புவுடையது. அதில் இப்படி இருந்தது:

'தீர்வு: மிராசுதார் பேரில் 14. மச்சான் பேரில் 10. சமையல்காரர் பேரில் 9. காலஞ்சென்ற பெரியப்பா பேரில் 8. மொத்தம் 14 + 10 + 9 + 8 = 41. 41 − 41 = 0. மிச்சம் இல்லை. எனவே ஒரு குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை.'

கடைசியில் 'ஒன்றும் இல்லை' என்பதைச் சுற்றிக் கட்டம்.

சிரித்தேன். அப்புறம் கோபம் வந்தது. நான்கு நாள் வகுப்புக்குப் போய்வந்து ஒருவன் கணக்கு செய்தால், அதில் ஊர் வம்பை எழுதுவதா? வழி இருந்தது, கூட்டல் சரி, கழித்தல் சரி. வேறு பிள்ளையாக இருந்தால் 'எனவே' என்ற வார்த்தைக்கே ஒரு மார்க் போட்டிருப்பேன். அவளுக்கு முட்டை போட்டு, 'கேள்வியை ஒழுங்காகப் படி' என்று எழுதினேன். மொத்தம் கூட்டினேன். முப்பத்தொன்று. நாலு மார்க் குறைந்தது. பேனாவை மூடினேன். அவள் அப்பா வாசலில் நின்றது ஞாபகத்துக்கு வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், வராமல் இல்லை.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஆண்டுப் பரீட்சைத் தாளைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்ற விதியை மீறி, என் கணக்கின் அருமையைப் பெற்றோர்களும் பார்க்கட்டும் என்று, ரிசல்ட் அன்று எல்லோருக்கும் கொடுத்து அனுப்பினேன். ஒவ்வொரு தாளின் தலையிலும் பள்ளிக்கூடத்து வட்ட முத்திரை. அதற்குக் கீழே தலைமையாசிரியர் கையெழுத்து. உள்ளே 'ஒரு குடும்பத்துக்கு 2 ஏக்கர்', பக்கத்தில் அரசாங்க வாத்தியாரின் சிவப்பு டிக்.

மறுநாள் காலை இட்லிக்கு உட்கார்ந்திருந்தேன். மிராசுதாரின் காரியஸ்தர் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"சார், ஐயா ஒங்கள வயலுக்குக் கூப்பிடறாங்க."

"எதுக்கு?"

"அளக்க வந்திருக்காங்க."

உளுந்து எடுத்து முடிந்து வயல் வெடித்துக் கிடந்தது. வரப்பில் பன்னிரண்டு குடும்பமும் நின்றது. கையில் கயிறு, முளைக்குச்சி, என்னுடைய விடைத்தாள். அவர்கள் ஏமாளிகள் இல்லை. விடைத்தாளுக்கும் பட்டாவுக்கும் வித்தியாசம் என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பல வருஷமாக வாய்வார்த்தையாகச் சொல்லிவந்த ஒன்று முதல் தடவையாக முத்திரையோடு எழுத்தில் கிடைத்திருக்கிறது, அதை வைத்து மிராசுதாரை ஒரு காலைப்பொழுது வெயிலில் நிறுத்திப் பார்ப்போம் என்று வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தங்கையன்.

"நாங்களா எழுதல ஐயா. கவுருமெண்டு பள்ளிக்கூடத்துல பரிச்சை வச்சி, கவுருமெண்டு வாத்தியார் சரின்னு போட்டிருக்கார். பத்துக்குப் பத்து. தப்புன்னா அவரே சொல்லட்டும்."

ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட நாலு மடங்கு பெரிய கயிற்றுச் சுருளோடு நின்றார். காரியஸ்தர் அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினார். அவர் பையன் 2.00 என்பதில் புள்ளியை விட்டுவிட்டான். '200 ஏக்கர்'. பக்கத்தில் என் டிக், பத்துக்குப் பத்து.

"என் பங்குக்கு ஊரே பத்தாது போலருக்கே சார். பக்கத்து ஊர்ல மிச்சத்த எடுத்துக்கவா?" என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

மிராசுதார் குடையைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆள் அனுப்பி, நிலக் கணக்கு எழுதும் ஊர்க் கர்ணத்தை வரவழைத்தார். கர்ணம் பதிவேட்டைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"ஐயா பேர்ல பதினாலு. அவங்க மச்சான் பேர்ல பத்து. கிருஷ்ணன் பேர்ல ஒம்பது."

மிராசுதாருக்குக் காப்பிக் கூஜாவோடு பின்னால் நின்ற சமையல்காரர் நிமிர்ந்தார். "எந்தக் கிருஷ்ணன்?"

"நீதான்."

"எனக்கா? ஒம்பதா?" என்றவர், கூஜாவைக் கீழே வைத்துவிட்டு வயலை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி, என்னவென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. காரியஸ்தர் முறைத்ததும் கூஜாவை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"பெரியப்பா பேர்ல எட்டு" என்று முடித்தார் கர்ணம்.

"அவரு செத்து ஏழு வருசம் ஆவுதே" என்றது கூட்டத்தில் ஒரு பெண் குரல்.

"காசிக்குப் போயிருக்கார்" என்றார் காரியஸ்தர். (இந்த இடத்தில் என் வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.)

கர்ணம் பதிவேட்டை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க கணக்கு வாத்தியார். நீங்களே சொல்லுங்க. மிச்சம் எவ்வளவு?"

பன்னிரண்டு குடும்பமும் என் வாயைப் பார்த்தது. நீதிக் கதைகள் கையில் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மிச்சம் இல்லை" என்றேன்.

கூட்டம் சத்தமில்லாமல் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தது. ஓரமாக, கையில் கயிறும் தாளும் இல்லாமல் மாசிலாமணி நின்றிருந்தார். அவர் பெண்ணுக்குத்தான் நான் இரண்டு ஏக்கர் கொடுக்கவில்லையே. மெதுவாக முன்னால் வந்தார்.

"அப்ப எம் பொண்ணு எழுதுனது சரிதாங்களே சார்?"

அவர் கேட்டதில் கோபம் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. பெண் இனி பாஸ் என்றே நினைத்துவிட்டார். நான் மிராசுதாரைப் பார்த்தேன், குடையைப் பார்த்தேன், மாடியறையை நினைத்துக்கொண்டேன்.

"ஊர்க் கணக்கு வேற, பள்ளிக்கூடக் கணக்கு வேற" என்றேன்.

அவர் முகம் மாறியதை நான் நின்று பார்க்கவில்லை. விறுவிறுவென்று நடந்துவிட்டேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். மார்க் பட்டியல் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்விட்டது, ஆனாலும் மாற்றலாம், மாற்றுவதற்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். "அந்தப் பொண்ணு விசயமா எதாவது எழுதறதுன்னா எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்." பயந்த மனுஷர் என்று நான் நினைத்திருந்தவர் அவர். 'காரணம்:' என்று எழுதினேன். அவள் எழுதியது ஏன் சரி என்று சொல்ல வேண்டுமென்றால் சமையல்காரரையும் காசிக்குப் போன பெரியப்பாவையும் எழுத்தில் கொண்டுவர வேண்டும், கீழே என் பெயரைப் போட வேண்டும். அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஆடிக் கடைசியில் குத்தாலத்துக்கு மாற்றல் வந்தது. (மிராசுதாரின் ஏற்பாடு. எனக்கும் நிம்மதிதான்.) பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையோடு போனபோது வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் கடைசியாக வேம்பு. என்னைப் பார்த்ததும் நாற்றுமுடியைப் போட்டுவிட்டு, முழங்கால் சேற்றோடு வரப்பேறி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், எந்த எடத்துல தப்பு பண்ணுனேன்?"

"எதுல?"

"அந்தக் கணக்குல சார். வழியெல்லாம் எழுதியிருந்தேனே. பத்து தடவ போட்டுப் பாத்துட்டேன், எனக்குத் தெரிய மாட்டேங்குது. கூட்டல்லயா, கழித்தல்லயா?"

பதிமூன்று வயதுப் பெண். பள்ளிக்கூடம் நின்றுபோனதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, தப்பு எங்கே என்று மட்டும் கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் நான் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"கூட்டல்ல" என்றேன். "சின்னப் பிழை."

"அப்படிங்களா" என்று தலையாட்டினாள். உதடு அசைய ஆரம்பித்தது. பதினாலு, பத்து என்று போட்டுப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. முடிக்காமல் பாதியிலேயே நிறுத்திவிட்டு வரிசைக்குத் திரும்பினாள். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இருபது வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகத் திருத்துறைப்பூண்டி போயிருந்தேன். பஸ் நிலையத்தில் பெண்கள் கூட்டம் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருத்தி, "சார்" என்றாள். வேம்புதான். ஊர் ஊராக நடவுக்கு ஆள் கூட்டிப்போகிறாளாம். உடம்பு தேறி, குரல் கணீரென்று இருந்தது. மிராசுதாரின் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டுப் பட்டணம் போன கதையைச் சொன்னாள். தன் பெண் ஒன்பதாவது படிக்கிறாள் என்றாள். எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தாள். அவர்கள் வண்டி கிளம்பும்போது என் கையைத் தொட்டாள்.

"முன்னால ஒம்பது பேரு, பின்னால எட்டு பேரு ஏறியிருக்காங்க. மொத்தம் எத்தனன்னு சொல்லிட்டுப் போங்க சார். எனக்குத்தான் கூட்டல் வராதே."

பதினேழு என்றேன். அவளுக்கு விடை தெரிந்திருக்கும் என்றும், என்னைக் கிண்டல் செய்கிறாள் என்றும் நம்பப் பார்த்தேன். முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை. பதினேழு, பதினேழு என்று சொல்லிக்கொண்டே ஏறிப்போனாள்.

இந்தக் கதை என் வீட்டில் பிரசித்தம். என் மனைவி எதிர்த்த வீட்டுக்காரர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளைகளுக்குப் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியாயிற்று. இருநூறு ஏக்கர் கயிறும் காசிக்குப் போன பெரியப்பாவும் இல்லாமல் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் முடியாது. எதைப் பங்கு போட்டாலும் யாராவது ஒருவர், "வாத்தியாரே, மிச்சம் எவ்வளவு?" என்று கர்ணம் குரலில் கேட்க வேண்டும், நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். நான் சொல்லும் கதை வயல் வரப்பிலேயே முடிந்துவிடும். அந்தக் கதையில் வேம்பு கிடையாது. பதிமூன்றாவது தாள் ஒன்று இருந்தது என்பதே என் மனைவிக்கு இதைப் படித்துத்தான் தெரியப்போகிறது.

போன தீபாவளிக்குப் பேத்தி அதிரசம் பங்கு போட்டாள். தட்டைக் காலி செய்துவிட்டு, "மிச்சம் எவ்வளவு தாத்தா?" என்றாள். எல்லோரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பதினாலு, பத்து, ஒன்பது, எட்டு என்று மனசுக்குள் ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தொன்று. சரியாகத்தான் இருந்தது.

"மிச்சம் இல்லை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.